டிரெய்லருக்கு ஜெனரேட்டர் வாங்கும் முன் ஒரு தாளை எடுங்கள்

அமெரிக்காவில் புதிதாக ட்ராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சிறு வீடு) வாங்கிய நண்பர்கள் "எந்த ஜெனரேட்டர் வாங்கலாம்?" என்று கேட்பார்கள். எங்கே போகப் போகிறீர்கள், அங்கே எதெல்லாம் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மிச்சம் பத்து நிமிட வேலைதான்.

இதை யோசிக்காமல் வாங்கிக்கொண்டு நாங்கள் முதலில் போன இடம் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் உள்ள மேதர் முகாம். அங்கே மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டக் காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு மணி நேரம்தான் அனுமதி. மாலையில் ஏசியைப் போட்டேன். விசிறி சுற்றியது. கம்ப்ரசர் ஒருமுறை முனகியது, ஜெனரேட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது, எல்லாம் நின்றுவிட்டது. பெட்டியில் 2,000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஏசிக்கு 1,500 வாட் போதும் என்பது என் கணக்கு. எங்கே தப்பு?

படி 1: எதெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்று எழுதிக் கூட்டுங்கள்

பொதுவாக 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும். மைக்ரோவேவில் 1,000 வாட் என்று போட்டிருந்தாலும் சுவரிலிருந்து அது எடுப்பது 1,500 பக்கம். இங்கே விற்கும் 110 வோல்ட் மிக்ஸி 550 வாட் இருக்கும். சட்னி அரைக்கும் இரண்டு நிமிடம் ஏசியை நிறுத்திவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். பேட்டரி சார்ஜ் ஏறுவதற்கும் சில நூறு வாட் போகும். பலர் மறப்பது வெந்நீர் ஹீட்டரை. அதில் தண்ணீரைச் சூடாக்கும் மின்சுருள் மட்டும் 1,400 வாட் தின்னும். அதையும் ஃப்ரிட்ஜையும் புரொப்பேன் எரிவாயுவுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 2: கிளம்பும் வாட், ஓடும் வாட்

ஏசி கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கும். அதாவது 2,800, 3,000 வாட் வரை. நான் இதை விட்டுவிட்டேன். இதற்கு 'சாஃப்ட் ஸ்டார்ட்' என்று ஒரு சிறு கருவி உண்டு. ஏசிக்குள் பொருத்திவிட்டால் கம்ப்ரசர் மெல்லக் கிளம்பும், அந்த உச்சம் வெகுவாக இறங்கிவிடும். பெரிய ஜெனரேட்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை இதில் போடுவதே மேல் என்பது என் கருத்து.

அப்புறம், பெட்டியில் பெரிதாக இருக்கும் எண் கிளம்பும் வாட். தொடர்ந்து கிடைப்பது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். ஹோண்டா இயு2200ஐ என்ற மாடலில் 2,200 என்பது உச்சம். நிலையாகத் தருவது 1,800. உங்கள் தாளில் உள்ள கூட்டுத்தொகையை இந்தச் சின்ன எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

படி 3: உயரத்தைக் கழியுங்கள்

மேலே போகப் போகக் காற்று மெலியும், எஞ்சினின் வலு குறையும். 1,000 அடிக்கு சுமார் 3.5 சதவீதம் போய்விடும். மேதர் முகாம் இருப்பது ஏறத்தாழ 7,000 அடியில். அங்கே கால் பங்கு வலு காலி. 1,800 வாட் தரும் ஜெனரேட்டர் அங்கே 1,350 வாட்தான் தரும். ஏசியைக் கிளப்புவது இருக்கட்டும், தொடர்ந்து ஓட்டவே முடியாது. ஜெனரேட்டரைப் பெட்ரோலுக்குப் பதில் புரொப்பேனில் ஓட்டினால் இன்னும் சுமார் பத்து சதவீதம் குறையும். கடற்கரையோரம் மட்டும் சுற்றுபவர்களுக்கு இந்தப் படி தேவையில்லை.

படி 4: சத்தமும் எடையும்

கட்டுமான வேலைக்கு ஓட்டும், மூடியில்லாமல் வெறும் கம்பிச் சட்டத்துக்குள் இருக்கும் ஜெனரேட்டர் மலிவு. ஆனால் சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றிக்கொண்டு கத்தும். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் சுமைக்குத் தக்கபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பக்கத்துக் கூடாரத்தில் ஒரு கைக்குழந்தை தூங்கலாம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரையே வாங்குங்கள். விளம்பரத்தில் போடும் டெசிபல் பெரும்பாலும் கால் பங்கு சுமையில் அளந்தது. ஏசி ஓடும்போது சத்தம் கூடும்.

பெரிய ஒன்றா, சின்னவை இரண்டா? நான் சின்னவை இரண்டை இணைத்து ஓட்டுகிறேன். ஒவ்வொன்றும் சுமார் 21 கிலோ, தனி ஆளாகப் பிக்கப் வண்டியிலிருந்து இறக்கிவிடலாம். ஏசி வேண்டாத நாளில் ஒன்று போதும். விலை கூடத்தான் செய்யும். ஏசியே தேவைப்படாதவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 5: பிளக்

நடுத்தர டிரெய்லர்களில் 30 ஆம்ப் பிளக் இருக்கும். ஜெனரேட்டரில் அதே வகைத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடாப்டர் கிடைக்கும். சின்ன இன்வெர்ட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. டிரெய்லரில் மின்காப்புக் கருவி வைத்திருந்தால் அது 'எர்த் இல்லை' என்று சொல்லி மின்சாரத்தை உள்ளே விடாது. நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் சிறிய பிளக் ஒன்றை ஜெனரேட்டரின் காலித் துளையில் செருகினால் சரியாகிவிடும்.

படி 6: புகை

இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அந்த வாயு சேர்ந்தால் தானாக நின்றுவிடும் வசதி உள்ள மாடலைத் தேர்ந்தெடுங்கள். குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் உங்களையும் பக்கத்தாரையும் பாராதபடி வையுங்கள். மழை வந்தாலும் டிரெய்லரின் வெயில் துணிக்கு அடியில் இழுத்து வைக்காதீர்கள். டிரெய்லருக்குள் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் தேதியையும் பாருங்கள், அதற்கும் ஆயுள் உண்டு.

படி 7: வீட்டு வாசலில் ஓட்டிப் பாருங்கள்

புது ஜெனரேட்டர் பெரும்பாலும் எண்ணெய் ஊற்றாமல்தான் வரும், அதனால் முதலில் எண்ணெய். பிறகு டிரெய்லரை மாட்டி, எக்கோ சுவிட்சை (சுமைக்குத் தக்கபடி வேகத்தைக் குறைப்பது இதுதான்) அணைத்துவிட்டு, மத்தியான வெயிலில் ஏசியைப் போடுங்கள். கம்ப்ரசர் கிளம்பியதும் எக்கோவைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு டாங்க் பெட்ரோல் எத்தனை மணி நேரம் வருகிறது என்று அதே தாளில் எழுதி, ஜெனரேட்டர் பையிலேயே வைத்துவிடுங்கள்.