மெட்டோகுளோப்ரமைடு: மாத்திரையைத் தொடங்கும் முன்பே நிறுத்தும் தேதியைக் கேளுங்கள்

நெஞ்செரிச்சலுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைதான். அதற்கும் அடங்கவில்லை, சாப்பிட்டு மணிக்கணக்கில் ஆகியும் வயிறு கனமாகவே இருக்கிறது, நாலு வாய் சாப்பிட்டதுமே போதும் என்றாகிவிடுகிறது, குமட்டல் வேறு என்றால் டாக்டர் சில சமயம் மெட்டோகுளோப்ரமைடு எழுதிக் கொடுப்பார். சர்க்கரை நோயால் இரைப்பையின் நரம்பு பாதித்து, உணவு கீழே இறங்கத் தாமதமாகிறவர்களுக்கும் இதைக் கொடுப்பதுண்டு. அளவாகப் பயன்படுத்தினால் உதவும் மருந்து, நாள் தெரியாமல் விழுங்கினால் வம்பு. முதல் முறை எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கையில் இருப்பது என்ன மருந்து என்று பாருங்கள்

அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் மருந்தின் மூலப்பெயர் இருக்கும். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் என்றிருந்தால் அவை அமிலச் சுரப்பைக் குறைப்பவை. மெட்டோகுளோப்ரமைடு அமிலத்தைத் தொடுவதே இல்லை. இரைப்பையின் தசைகளை வேகமாகச் சுருங்க வைத்து உணவைக் குடலுக்குத் தள்ளுகிறது. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வளையத் தசையையும் இறுக்குகிறது. அதனால்தான் எதுக்களிப்பது குறைகிறது.

டோம்பெரிடோன் என்ற பெயரும் கண்ணில் படலாம். வேலை ஏறக்குறைய அதேதான், ஆனால் ஆபத்து வேறு இடத்தில்: அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். இரண்டையும் ஒன்றென நினைத்து மாற்றி எடுக்க வேண்டாம்.

2. டாக்டரிடம் எதையும் விடாமல் சொல்லுங்கள்

மெட்டோகுளோப்ரமைடு டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயலைத் தடுக்கிறது. வயிற்றில் மட்டும் தடுத்தால் பிரச்சினை இல்லை. மூளைக்குள்ளும் போய்த் தடுக்கிறது, சிக்கலெல்லாம் அங்கேதான். பார்க்கின்சன் நோய், வலிப்பு, முன்பு ஏதாவது மருந்தால் வாயோ கை கால்களோ தானாக ஆடிய அனுபவம், மனச்சோர்வு, இவற்றில் எது இருந்தாலும் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். குடல் அடைப்பு, வயிற்றிலோ குடலிலோ இரத்தக் கசிவு, அட்ரினல் சுரப்பியில் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற கட்டி உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருந்து உடலில் தேங்கும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். உணவு சீக்கிரம் இறங்குவதால் சர்க்கரை ஏறும் நேரம் மாறும். ஊசியின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மற்ற மாத்திரைகள். மனநோய்க்கான மருந்துகள், ஃப்ளுயோக்செட்டின், பராக்செட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள், தூக்க மாத்திரை, பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா எல்லாம் இதனோடு மோதும். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம், வீட்டில் எடுக்கும் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். இது தொடரும்வரை மதுவை மறந்துவிடுங்கள்.

3. எத்தனை நாள் என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

2009-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இந்த மருந்தின் குறிப்புத் தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது. நீண்ட நாள் எடுத்தால் டார்டிவ் டிஸ்கைனீசியா வரலாம் என்பதே அது. உதட்டைச் சப்புக்கொட்டுவது, எதையோ மெல்லுவதுபோல் தாடை அசைவது, நாக்கு வெளியே வந்து வந்து போவது, கண் ஓயாமல் சிமிட்டுவது, கை கால்கள் தானாக ஆடுவது என்று பல விதமாகத் தெரியும். மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு இது போவதே இல்லை. வயதானவர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆபத்து அதிகம். 12 வாரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அங்குள்ள வரம்பு.

ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் இன்னும் கறாராக நடந்துகொண்டது. பெரியவர்களுக்கு நாளுக்கு 30 மில்லிகிராம், அதிகபட்சம் 5 நாள். நாட்பட்ட எதுக்களிப்புக்கும், உணவு இறங்கத் தாமதமாகும் இரைப்பை மந்தத்துக்கும் கொடுக்கவே வேண்டாம் என்றது. ஒரே மருந்துக்கு இத்தனை வித்தியாசமா என்று தோன்றலாம். பலன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்று எடை போடுவதில் இரண்டு அமைப்புகளும் வேறுபடுகின்றன, அவ்வளவுதான். நாள் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆகவே டாக்டர் அறையை விட்டு எழும் முன் கேளுங்கள்: “இதை எந்தத் தேதியோடு நிறுத்தணும்?” பதிலை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்கும் பழக்கம் இந்த மருந்துக்கு ஆகாது.

4. எடுக்கும் முறை

சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு, தண்ணீரோடு. சிலருக்குப் படுக்கும் முன்பும் ஒரு வேளை சொல்வார்கள். நாக்கில் கரையும் வகை என்றால் ஈரமில்லாத கையால் எடுத்து நாக்கில் வையுங்கள். திரவமாகக் கொடுத்தால் கூடவே வரும் அளவுகோப்பையைப் பயன்படுத்துங்கள், சமையலறைக் கரண்டி வேண்டாம்.

ஒரு வேளை தவறினால் விட்டுவிட்டு அடுத்த வேளையில் தொடருங்கள். இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. மாத்திரை போட்டதும் வாந்தி வந்துவிட்டதே, இன்னொன்று போடலாமா? கூடாது. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி வாந்தி எடுத்திருந்தாலும் இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 6 மணி நேரம் இருக்க வேண்டும்.

தூக்கம் வரும். அது உங்களை எவ்வளவு தள்ளுகிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

5. உடம்பைக் கவனியுங்கள்

முதல் இரண்டு நாள் முக்கியம். கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வது, கண் மேலே செருகுவது, தாடை இறுகுவது, பேச்சு குழறுவது இந்த நேரத்தில்தான் பெரும்பாலும் வரும். 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதிகம். பார்க்க வலிப்பு மாதிரி பயமுறுத்தும், ஆனால் மருத்துவமனையில் அதை முறிக்கும் மருந்து கொடுத்தால் பொதுவாகச் சீக்கிரம் சரியாகிவிடும். அங்கே போனதும் எந்த மாத்திரை எடுத்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

கடுமையான காய்ச்சலோடு உடல் விறைத்துக் குழப்பமும் சேர்ந்தால் அது அவசரம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உட்கார முடியாத பரபரப்பும், காரணமில்லாத சோகமும் மருந்தின் வேலையாக இருக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் அடுத்த வேளையை எடுக்காமல் அன்றே டாக்டரிடம் பேசுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள். மார்பில் பால் கசிவது, மாதவிடாய் தள்ளிப்போவது போன்றவையும் வரலாம். கூச்சப்படாமல் சொல்ல வேண்டியவை இவை.

வாய், நாக்கு அசைவுகளை மருந்து எடுப்பவரே பல சமயம் கவனிக்க மாட்டார். “என் முகத்தில் ஏதாவது புதுசா தெரியுதா?” என்று கூட இருப்பவரிடம் அவ்வப்போது கேளுங்கள்.

6. நிறுத்தும்போது

சில வாரம் எடுத்தவர்களுக்கு நிறுத்தியதும் தலைவலி, தலைச்சுற்றல், படபடப்பு வரலாம். மாத்திரை இருக்கும்வரை அது மறைத்து வைத்திருந்த அசைவுகளும் இப்போது வெளியே தெரியக்கூடும். அப்படி எதுவும் தெரிந்தால் டாக்டரிடம் போங்கள், பழைய அட்டையைத் தேடி மறுபடி போடாதீர்கள். மிச்சம் இருப்பதை வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். எந்த மாதம், எத்தனை நாள் எடுத்தீர்கள் என்று குறித்து வைத்திருங்கள். இன்னொரு டாக்டர் இதே மருந்தை மறுபடி எழுத நினைத்தால் அந்தக் கணக்கு அவருக்குத் தேவைப்படும்.