உப்புத் தரையில் வீணாகும் குதிரைத்திறன்

அதிவேகச் சாதனைக்காகக் கார் கட்டுபவர்கள், வேகம் போதவில்லை என்றதும் முதலில் கை வைப்பது எஞ்சினில்தான். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, இன்னும் கொஞ்சம் பூஸ்ட் (அந்தக் காற்றின் அழுத்தம்) என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அமெரிக்காவின் பானவில் போன்ற உப்புத் தரையில் சிக்கல் பெரும்பாலும் டயருக்கு அடியில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 1,500 கிலோ கார், பின்சக்கர இயக்கம், பின் டயர்கள் மேல் 900 கிலோ. உப்பில் உராய்வுக் கெழு (டயர் மேல் இருக்கும் எடையில் எவ்வளவு பங்கு பிடிமானமாகும் என்ற அளவு) 0.5 என்று வைத்துக்கொண்டால், அந்த டயர்களால் 450 கிலோ எடைக்குச் சமமான விசையோடுதான் காரைத் தள்ள முடியும். மணிக்கு 475 கி.மீ. வேகத்தில் அதற்குச் சுமார் 780 குதிரைத்திறன் போதும். காற்றின் எதிர்ப்பு 450 கிலோவை எட்டியதும் கார் அதற்கு மேல் வேகம் எடுக்காது. 1,200 குதிரைத்திறன் எஞ்சின் வைத்திருந்தால் மிச்சமெல்லாம் உப்பைச் சுரண்டத்தான் போகும்.

அதனால்தான் இங்கே எடை குறைப்பது தவறு. குறுகிய நேர்ப்பாதையில் யார் சீக்கிரம் வேகம் பிடிக்கிறார் என்று ஓடும் டிராக் ரேஸிலிருந்து வருகிறவர்களுக்கு இதை ஒப்புக்கொள்ளவே மனம் வராது. ஓடுதளம் பல கிலோமீட்டர் நீளம் என்பதால் மெதுவாக வேகம் பிடித்தால் போதும். அனுபவசாலிகள் ஈயக்கட்டிகளை ஏற்றிக்கொண்டே ஓடுகிறார்கள். அப்புறம், அந்த ஈயத்தையெல்லாம் காரின் வால்பக்கம் அடுக்குவது அடுத்த தவறு, ஆபத்தானதும்கூட. அம்புக்கு முனை கனமாக, இறகு பின்னால் இருப்பதுபோல, காரின் ஈர்ப்பு மையம் காற்றழுத்த மையத்துக்கு (காற்றின் மொத்த விசையும் காரைத் தள்ளும் புள்ளிக்கு) முன்னால் இருக்க வேண்டும். மாறிப்போனால் சின்னக் குறுக்குக்காற்றே காரைச் சுழற்றிவிடும். எடையைத் தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னால் வையுங்கள். தேவைப்பட்டால் வால் துடுப்பைப் பெரிதாக்குங்கள். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் மொத்த எடையும் பிடிமானமாகிவிடும். 1965இல் மணிக்கு 409 மைல் தொட்ட சம்மர்ஸ் சகோதரர்களின் 'கோல்டன்ராட்' அப்படிப்பட்ட கார்தான். (1997இல் ஒலியின் வேகத்தைத் தாண்டிய திரஸ்ட் எஸ்எஸ்சிக்கு இந்தத் தலைவலியே இல்லை. அது ஜெட், சக்கரங்கள் சும்மா உருளும்.)

கியர் கணக்கில் பலரும் வழுக்கலை மறந்துவிடுகிறார்கள். டயர் சுற்றளவு 2.2 மீட்டர், கடைசி விகிதம் 2 (எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), எஞ்சின் 7,200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7,200 சுற்று) என்றால் காகிதத்தில் வேகம் 475 கி.மீ. பத்து சதவீதம் வழுக்கினால் உண்மையில் கிடைப்பது 428 தான். எஞ்சினின் ஆர்பிஎம்மைக் காட்டும் டாக்கோமீட்டரை மட்டும் நம்பினால் கியர் போதவில்லை என்று தோன்றும். சக்கர வேகத்தையும் ஜிபிஎஸ் வேகத்தையும் ஒன்றாகப் பதிவு செய்து பார்த்த பிறகே கியரைத் தொடுங்கள்.

இன்னும் உயர்ந்த கியர் போட்டால் இன்னும் வேகம் வரும் என்ற நினைப்பும் வேண்டாம். வேகம் 10 சதவீதம் கூட, காற்றைக் கிழிக்க மட்டும் 33 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். இலக்கு வேகத்தில் எஞ்சின் தன் உச்சத் திறன் தரும் ஆர்பிஎம்மில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி இரண்டு கியர்களுக்கு நடுவே இடைவெளி அதிகமானாலும் இதே கதை: மாற்றியதும் ஆர்பிஎம் விழும், எஞ்சினால் மீண்டும் ஏற முடியாது. முதல் கியரைப் பற்றிக் கவலை வேண்டாம். பல கார்களை லாரி தள்ளித்தான் கிளப்பிவிடுகிறது.

பானவில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,280 மீட்டர் உயரம். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே திறன் இழக்கும் என்று பயந்து கியரைக் குறைக்கிறவர்களும் உண்டு. அது தேவையில்லை: காற்று மெலிந்தால் அதன் எதிர்ப்பும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். டயரின் பிடிமானத்துக்கு ஒன்றும் ஆகாது.