துக்க வீட்டுக்குப் போகிறீர்களா?

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் சபையில் யாராவது காலமானால், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து முதல் போன் எனக்குத்தான் வரும். இருபது வருஷப் பழக்கத்தில் சொல்கிறேன்: பைபிளை எடுக்கிறதுக்கு முன்னால் பிளாஸ்க்கை எடுங்கள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. டீ, பேப்பர் கப், பிள்ளைகளுக்குப் பாலும் பன்னும். மத்தியானத்துக்கு ரசம் சாதம் போதும். அழுது வறண்ட தொண்டையில் வேறெதுவும் இறங்காது.

உள்ளே போனதும் பேசாதீர்கள். இது நான் சூடு பட்டுக் கற்றது. ரிங் ரோடு பைக் விபத்தில் போன பையன், 22 வயசு. ஃப்ரீசர் பெட்டிக் கண்ணாடியில் நீர் படியப் படிய அவன் அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்மா" என்றேன். கையை நிறுத்தாமலே கேட்டாள்: "உங்க பையனையா எடுத்தார், அக்கா?"

அந்த வார்த்தை, பைபிளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு தன் இழப்புக்குத் தானே சொன்னது. பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தார்கள்.

"விசுவாசி அழலாமா?" என்பதும் வேண்டாம். செத்துப்போன லாசருவைச் சற்று நேரத்தில் எழுப்பப்போகிற இயேசு, அப்படியும் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). நாயீன் ஊர் விதவையிடம் "அழாதே" என்றார், வாஸ்தவம். ஆனால் கையோடு பாடையைத் தொட்டு மகனை எழுப்பிக் கொடுத்தார். நாம் எந்த வாயால் சொல்வது? அங்கே "மனதுருகி" என்று தமிழில் வரும் கிரேக்கச் சொல்லுக்கு வேர், குடல். நம் பாட்டிகள் "பெத்த வயிறு" என்பார்களே, அந்த இடம்.

வீட்டு ஆண்களில் நிதானமான ஒருவரிடம் காகித வேலையைக் கொடுங்கள். வீட்டிலேயே இறந்திருந்தால் டாக்டரிடம் மரணக் காரணச் சான்று, அதாவது படிவம் 4ஏ, வாங்க வேண்டும். 21 நாளுக்குள் மரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பெயர் எழுத்து ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும், பிறகு பேங்கில் அலைய முடியாது. ஓசூர் ரோடு கல்லறை என்றால் சாயங்கால டிராஃபிக்கைச் சபை ஐயரிடம் (பாதிரியாரிடம்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெட்டி மூடும்போது போன் தூக்கிப் படம் எடுக்கிறவர்களை நான் நேராகவே வெளியே போகச் சொல்லிவிடுவேன். "மண்ணுக்கு மண்" சொல்லும்போது தாயின் முழங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழியோரம் ஈரமண் சரியும்.

பதினாறாம் நாள் ஜெபத்தோடு கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் அதற்குப் பிறகு போங்கள், வேலையோடு போங்கள். மார்கழியில் நான் அந்த பைக் விபத்துப் பையனின் அம்மா வீட்டுக்கு ரெண்டு கிலோ அவரைக்காய் கொண்டுபோவேன். உரித்து, ஊறவைத்து, எதிரெதிரே உட்கார்ந்து பருப்புப் பிதுக்குவோம். பாதிக் கிண்ணம் நிறைந்த பிறகுதான் அவனைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். பிதுக்கம்பருப்புக் குழம்பென்றால் அவனுக்கு உயிராம்.