ஒரே வரியில் அடைத்த கண்டிஷனைப் பிரிப்பது எப்படி?

இந்த மாதிரி ஒரு வரி அநேகமாக எல்லா பிராஜெக்ட்டிலும் எங்கேயாவது இருக்கும். மொழி ஜாவாஸ்கிரிப்ட். வேரியபிள் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறேன், அந்த மொழி அதை ஏற்றுக்கொள்ளும்.

!(வயது < 60 || !உறுப்பினர்) && (தொகை > 5000 || கூப்பன் && !காலாவதி)

இது ஒரு கடையின் தள்ளுபடி விதி (! என்றால் 'இல்லை', && என்றால் 'மற்றும்', || என்றால் 'அல்லது'). யாருக்குத் தள்ளுபடி கிடைக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். எழுதியவருக்கு எழுதிய அன்று புரிந்திருக்கும், ஆனால் ஆறு மாதம் கழித்து "வயதை 58 ஆக்குங்கள்" என்று கேட்கும்போது அதைத் திறப்பவர் வேறு யாரோ, அவர் முதல் ஆச்சரியக்குறியிலேயே மாட்டிக்கொள்வார்.

அதனால் முதலில் அந்த ஆச்சரியக்குறியை எடுங்கள். பிராக்கெட்டுக்கு வெளியே நிற்கும் மறுப்பை உள்ளே கொண்டுபோனால் || எல்லாம் && ஆகும், ஒவ்வொரு துண்டும் தலைகீழாகும். டி மார்கன் விதி என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். (அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் பிறந்தது நம் மதுரையில்தான்.) அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் கொடுங்கள்:

மூத்த_உறுப்பினர் = வயது >= 60 && உறுப்பினர்
செல்லும்_கூப்பன் = கூப்பன் && !காலாவதி
தள்ளுபடி_உண்டு = மூத்த_உறுப்பினர் && (தொகை > 5000 || செல்லும்_கூப்பன்)

கடைசி வரியைச் சத்தமாகப் படித்தால் கடைக்காரர் சொல்கிற விதி அப்படியே காதில் விழும். நான் பார்க்கும் சோதனையே அதுதான்: வாய்விட்டுப் படிக்க முடியாத கண்டிஷனை இன்னும் பிரிக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வயது நிரப்பப்படாமல் அண்டிஃபைன்டாக வந்தால் என்ன ஆகும்? ஜாவாஸ்கிரிப்டில் அது எந்த எண்ணைவிடப் பெரிதா சிறிதா என்று கேட்டாலும் பொய் என்றே வரும். ஆக, பழைய வரியில் "60க்குக் கீழே" என்பது பொய், வெளியே இருந்த மறுப்பு அதை மெய்யாக்கிவிடும், வயதே சொல்லாத உறுப்பினர் மூத்தவர் ஆகிவிடுவார். புதிய வரியில் ஆகமாட்டார். பெரும்பாலும் புதியதுதான் நீங்கள் விரும்புவது, ஆனால் நடத்தை மாறுகிறது என்று தெரிந்தே மாற்றுங்கள்.

பெயர் வைக்கும்போது உடன்பாடாகவே வையுங்கள். காலாவதி_ஆகவில்லை என்று ஒரு வேரியபிள் இருந்து, அதன் முன்னால் ஒரு ஆச்சரியக்குறியும் வந்தால் தலை சுற்றும்.

பிராக்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். || ஐ விட && முந்தும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், படிப்பவர் அதை நினைவில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சி மொழியில், பிட்டுகளைத் தனித்தனியாக ஒப்பிடும் ஒற்றை & குறியோடு இது இன்னும் மோசம்: நிலை & மாஸ்க் == 0 என்று எழுதினால் == தான் முதலில் நடக்கும். தொடக்கத்தில் && என்ற குறியே இல்லை, & தான் இரண்டு வேலையும் பார்த்தது, பிறகு பிரித்தபோது ஏற்கெனவே எழுதிய கோடு உடையக் கூடாதென்று & இன் முன்னுரிமையை மாற்றாமல் விட்டுவிட்டார்கள் என்று சியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே விளக்கியிருக்கிறார். இன்றுவரை அந்த வரிக்கு பிராக்கெட் போட்டே ஆக வேண்டும்.

18 <= வயது <= 60 என்பது பைத்தானில் நினைத்தபடி வேலை செய்யும். சியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் எப்போதும் மெய்தான், ஏனென்றால் முதல் ஒப்பீட்டின் விடை எண்ணாகப் பார்த்தால் 0 அல்லது 1, அது 60ஐத் தாண்டப் போவதில்லை. அங்கே இரண்டாகப் பிரித்து && போடுங்கள். டெர்னரிக்குள் (? : போட்டு இரண்டில் ஒன்றைத் தேர்வது) டெர்னரி? வேண்டவே வேண்டாம். பிஎச்பி 8.0இல் பிராக்கெட் இல்லாமல் அடுக்கினால் பிழை என்றே நிறுத்திவிடுகிறது.

சரி, பிரிக்கக் கூடாத இடமும் உண்டு. பயனர் && பயனர்.வயது >= 60 என்பதில் இடது பக்கம் காலியாக இருந்தால் வலது பக்கத்தைத் தொடவே தொடாது. வலது துண்டை மட்டும் தனி வேரியபிளாக மேலே தூக்கினால் அது உடனே கணக்கிடப்படும், பயனர் இல்லாதபோது புரோகிராம் விழும். டேட்டாபேஸைக் கேட்கிற துண்டும் அப்படித்தான், தேவையில்லாதபோதும் ஓடும். இப்படிப்பட்ட துண்டுகளை வேரியபிளாக்காமல் சின்ன ஃபங்ஷனாக்குங்கள். பெயரும் கிடைக்கும், தேவைப்படும்போது மட்டும் ஓடும்.

கை வைப்பதற்கு முன் பழைய வரிக்கு டெஸ்ட் எழுதிவிடுங்கள்: வயது 59, 60, காலி, தொகை 5000, 5001, காலாவதியான கூப்பன் ஒன்று. பிரித்த பிறகு அதே டெஸ்டை ஓட்டுங்கள். மேலே சொன்ன காலி வயதைத் தவிர வேறு எங்காவது விடை மாறினால், பிரித்ததில்தான் தவறு.