அமரில்லிஸ் மகரந்தத்தை எடுத்துச் சேமிப்பது எப்படி?

சிவப்பு அமரில்லிஸ் மார்ச்சில் பூத்து ஓய்ந்துவிடுகிறது. அதோடு கலப்பு செய்ய நினைக்கும் வெள்ளை ரகமோ ஏப்ரல் கடைசியில்தான் மொட்டு விடுகிறது. இப்படி முன்பின்னாகப் பூக்கும் இரண்டைச் சேர்க்க வேண்டுமென்றால், முதலில் பூத்ததன் மகரந்தத்தை எடுத்து வைக்க வேண்டும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஈரத்தை மட்டும் அண்டவிடாதீர்கள்.

முதல் வேலை: எடுப்பது

மொட்டு வாய் திறக்கும் நாளில், பனி உலர்ந்த பிறகு போங்கள். உள்ளே ஆறு மகரந்தப்பைகள் நீளமாக, வெடிக்காமல் இருக்கும். இடுக்கியால் கிள்ளி வெள்ளைத்தாளில் போடுங்கள். வெடித்த பிறகு போனால் தேனீ முந்திக்கொள்ளும், வேறு பூவின் தூளும் கலந்திருக்கலாம். மழையில் நனைந்த பூ வேண்டாம்.

இரண்டாவது: உலர்த்துவது

பலரும் அவசரப்படுவது இங்கேதான். வெயிலில் வைக்காதீர்கள், சூடு மகரந்தத்தைக் கொன்றுவிடும். வீட்டுக்குள் நிழலில், மின்விசிறிக் காற்று படாமல் வைத்தால் ஓரிரு நாளில் பைகள் வெடித்துச் சுருங்கி, மஞ்சள் தூள் வெளியே வரும். சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். அங்கே தாளோடு சேர்த்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலத்தை நம்ப வேண்டாம், அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். நிறம் மாறும் வகையை வாங்கினால், எப்போது மாற்ற வேண்டும் என்று பார்த்தாலே தெரியும்.

மூன்றாவது: சேமிப்பது

தூளைக் காலி மருந்து கேப்ஸ்யூல்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு முறைக்கு ஒரு கேப்ஸ்யூல் போதும். ஒரே தூளைத் திரும்பத் திரும்ப வெளியே எடுத்தால் வீரியம் போய்விடும். ரகத்தின் பெயர், தேதி எழுதி, சிலிக்கா ஜெல் உள்ள இறுக்கமான பாட்டிலில் அடையுங்கள். சில வாரங்களுக்கு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதும். அடுத்த பருவம் வரை வேண்டுமென்றால் ஃப்ரீஸர்.

எல்லாச் செடிக்கும் இது சரிவராது. நெல் மகரந்தம் சில நிமிடங்களிலேயே வீரியம் இழந்துவிடும். பேரீச்சை அப்படியில்லை, அரபு நாட்டு விவசாயிகள் ஆண் மரத்தின் மகரந்தத்தை உலர்த்திச் சேமித்து, பெண் மரங்களுக்குப் போடுகிறார்கள்.

கடைசியாக: பூவில் வைப்பது

பாட்டிலை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். தாய்ப்பூ, அதாவது மகரந்தத்தைப் பெற்று விதை வைக்க வேண்டிய பூ, விரிந்த அன்றே அதன் மகரந்தப்பைகளை நீக்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் சூல்முடி (பூவின் நடுவே நீளும் தண்டின் நுனி) மூன்றாகப் பிரிந்து பிசுபிசுப்பாகும். அப்போது உலர்ந்த தூரிகையால் தடவி, மறுநாள் இன்னொரு கேப்ஸ்யூலிலிருந்து ஒரு முறை தடவுங்கள்.

காய் பிடிக்காவிட்டால் உடனே மகரந்தத்தைக் குறை சொல்ல வேண்டாம். கடையில் விற்கும் பெரிய பூ ரகங்கள் பலவற்றில் 44 குரோமோசோம்கள், காட்டு இனங்களில் பெரும்பாலும் 22. இவற்றைக் கலந்தால் பெரும்பாலும் விதை வைக்காது. பொருந்தும் ஜோடியென்றால் காய் பருத்து, நான்கு முதல் ஆறு வாரத்தில் மஞ்சளாகி வெடிக்கும். உள்ளே இருக்கும் கறுத்த, காகிதம் போன்ற விதைகளை உடனே விதைத்துவிடுங்கள்.