டிவி திரை உடைந்து வந்தால்: காப்புறுதிப் பணத்தை இழக்க வைக்கும் தவறுகள்

கட்டார், குவைத் என்று வேலைக்குப் போனவர்கள் திருகோணமலைக்குப் பொருள் அனுப்பினால், அதில் ஒரு பெரிய டிவியும் இருப்பது வழமை. திரை உடைந்து வந்தாலும் காப்புறுதி இருக்கிறதே என்று நம்பியிருப்போம். அந்தப் பணம் கைக்கு வராமல் போவதற்குப் பல நேரம் நம் வீட்டு வாசலில் நடக்கும் பிழையே போதும்.

பெட்டி நசுங்கவில்லை, திரையில் கீறலும் இல்லை என்று கையெழுத்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. எல்இடி என்று விற்கும் சாதாரண டிவியிலும் இருப்பது எல்சிடி திரைதான். எல்இடி என்பது பின்னால் எரியும் விளக்கு மட்டுமே. ஒரு மில்லிமீற்றர்கூட வராத இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் திரவப் படிகம், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலம். உள்ளே கண்ணாடி வெடித்தாலும் படலம் கிழியாமல் இருக்கலாம். தடவிப் பார்த்தால் வழுவழுவென்றே இருக்கும். மின்சாரம் கொடுத்த பிறகுதான் அடிபட்ட இடத்திலிருந்து சிலந்தி வலை போலக் கோடுகள் ஓடுவதும், ஓரத்தில் கறுப்புத் திட்டு பரவுவதும் தெரியும். ஓஎல்இடி என்ற வகைத் திரை இன்னும் மெல்லியது, இன்னும் கவனம் வேண்டும்.

அதனால் கொண்டு வந்தவர் நிற்கும்போதே பிளக்கில் போட்டுப் பாருங்கள். அவசரம், நிற்க முடியாது என்பார். சரி, அப்படியென்றால் பற்றுச்சீட்டில் "திரை சோதிக்கப்படவில்லை" என்று எழுதிய பிறகே ஒப்பமிடுங்கள். வெளியே தெரியாத சேதத்தை, கடல்வழிச் சரக்கென்றால் ஹேக்-விஸ்பி விதிகளின்படி 3 நாட்களுக்குள் பொருளைக் கொண்டு வந்த நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். விமானச் சரக்குக்கு மொன்ட்ரியல் சமவாயம் தருவது 14 நாட்கள். கடல் சரக்கில் நாள் தவறினால் பொருள் நல்லபடி வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். காப்புறுதி நிறுவனமும் இந்தக் கடிதத்தைக் கேட்கும், ஏனென்றால் கொடுத்த பணத்தைக் கப்பல் தரப்பிடமிருந்து மீட்க அதற்கு இது வேண்டும்.

அடுத்தது, காப்புறுதிப் பத்திரத்தில் சேருமிடம் என்று எந்த ஊர் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் விடுவது. கொழும்பு என்றிருந்தால் பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடலாம். அதற்குப் பிறகு ஹபரணை, கந்தளாய் வழியாக லொறியில் வரும் தூரம் முழுக்க டிவிக்குக் காப்பு இல்லை. மூதூர், கிண்ணியா வீடுகளுக்கு நகரத்தில் இறக்கி இன்னொரு வாகனத்தில் ஏற்றுகிறார்கள். கண்ணாடிக்கு அந்த ஏற்றி இறக்கலும் ஆபத்துத்தான். அனுப்பும்போதே வீட்டு முகவரியைச் சேருமிடமாகப் போடச் சொல்லுங்கள்.

பொதி கட்டுவதிலும் பலர் ஏமாந்து போகிறார்கள். எல்லா ஆபத்தையும் உள்ளடக்கும் 'ஏ' வகைச் சரக்குக் காப்புறுதியிலும் பொதி போதாமையால் வந்த சேதம் விலக்கு. பாவித்த டிவியைப் போர்வையில் சுற்றிப் படுக்க வைத்து அனுப்பினால் கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகிவிடும். படுக்க வைத்தால் நடுப்பகுதி தாங்கலில்லாமல் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வளையும். நிமிர்த்தி, சொந்தப் பெட்டியில், ரெஜிபோமோடு அனுப்புங்கள். கட்டும்போது போனில் படமும் எடுத்து வையுங்கள்.

உடைந்தது தெரிந்ததும் பெட்டியையும் ரெஜிபோமையும் எரித்துவிடாதீர்கள், டிவியைத் திருத்தவும் கொடுக்காதீர்கள். நட்ட மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை எல்லாம் அப்படியே இருக்கட்டும். அடிபட்ட புள்ளி இல்லாமல் நிறக்கோடுகள் மட்டும் தெரிந்தால், அது உற்பத்திக் குறை என்று சொல்லக்கூடும். அப்போது உத்தரவாத அட்டை உதவும். மற்றபடி, உடைந்த திரைக்கு உத்தரவாதம் பொதுவாகச் செல்லாது.

மறுத்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். இலங்கை நிறுவனமென்றால் அந்தக் கடிதத்தோடு காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம்.