மாதுளையில் ஒரு கிளை மட்டும் மஞ்சளித்தால்: வாடல் நோயைக் கட்டுப்படுத்திய முறை

பக்வா ரக மாதுளையில் வாடல் நோயைத் தரும் செரட்டோசிஸ்டிஸ் பூஞ்சணத்தின் முதல் அடையாளம் பெரும்பாலும் ஒரே ஒரு கிளையில்தான் தெரியும். இலை மஞ்சளித்துத் தொங்கும், மற்ற கிளைகள் பச்சையாகவே நிற்கும். தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்துச் சொட்டுநீரைக் கூட்டினால் நோய்க்குத்தான் கொண்டாட்டம்.

சந்தேகம் வந்தால் அடித்தண்டையோ தடித்த வேரையோ குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிர் மஞ்சள் கட்டையில் மையத்திலிருந்து கதிர் பிரிவதுபோல் கரும்பழுப்புத் திட்டு இருந்தால் வாடல் நோய்தான். நீர் தேங்கி வாடிய மரத்தில் இந்தக் கறை இருக்காது. தண்டில் குண்டூசித் துளைகளும் மரத்தூளும் தென்பட்டால் துளைப்பான் வண்டும் சேர்ந்திருக்கிறது.

முழுதும் காய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. வேரோடு பிடுங்கி அங்கேயே எரிக்க வேண்டும். வயல் வழியே இழுத்துப் போனால் மண்ணோடு நோயும் போகும். பாதி வாடியதற்கும் சுற்றியுள்ள நல்ல மரங்களுக்கும் புரோபிகோனசோல் 25 இசி என்ற பூஞ்சணக்கொல்லியை லிட்டருக்கு 2 மி.லி. கலந்து, மரத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வேர் நனைய ஊற்ற வேண்டும். ஈரமான மண்ணில் ஊற்றினால்தான் மருந்து பரவும். 20–30 நாள் இடைவெளியில் மூன்று முறை. ஒரே தடவையோடு நிறுத்துபவர்களுக்குத்தான் நோய் திரும்புகிறது.

தொழு உரத்தில் பெருக்கிய டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தை மருந்தோடு சேர்த்து இடாதீர்கள், அதுவும் பூஞ்சணம்தானே, மருந்து அதையும் கொன்றுவிடும்! கடைசி மருந்துக்குப் பிறகு மூன்று வாரமாவது போகட்டும். கவாத்துக் கத்தரியை மரத்துக்கு மரம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநீக்கிக் கரைசலில் நனைத்துக் கொள்ளுங்கள்.